வூஸ்டரில் ஒரு சனிக்கிழமை: ஜான் கெம்ப்டனின் சின்ன லாயம்

1967 ஏப்ரல் 8, சனிக்கிழமை. இங்கிலாந்தில் வூஸ்டர் என்ற ஊரின் ரேஸ் மைதானத்தில் ஜான் கெம்ப்டன் என்பவர் திரீ டான்ஸ் என்ற குதிரையில் ஏறிச் சவாரி செய்து ஜெயித்தார். உள்ளூர் அளவில் பேசப்படக்கூடிய, அடுத்த வாரம் மறந்துபோகக்கூடிய வெற்றி. அந்தக் குதிரைக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். அன்று அதே பிற்பகலில், லிவர்பூலை ஒட்டிய எயின்ட்ரீயில் கிராண்ட் நேஷனல் நடந்தது. தடைதாண்டும் குதிரைப் பந்தயங்களில் உலகிலேயே பெயர்பெற்றது அதுதான். அதிலும் கெம்ப்டனின் லாயத்துக் குதிரை ஒன்று ஓடியது, பெயர் ஃபாய்னாவன். பந்தய விகிதம் நூற்றுக்கு ஒன்று, அதாவது ஜெயித்தால் ஒரு பவுண்டு கட்டியவருக்கு நூறு பவுண்டு. அதுவும் ஜெயித்தது. பயிற்சியாளர் அங்கே இல்லை. குதிரையின் சொந்தக்காரரும் இல்லை.

இந்தக் கதையை ஆங்கிலேயர்கள் இன்றுவரை சிரித்துக்கொண்டே சொல்வார்கள். யாருமே எதிர்பார்க்காத குதிரை, சொந்தப் பயிற்சியாளரே நம்பாத குதிரை, குருட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயித்துவிட்டது என்று. எனக்கு அதில் ஒரு விஷயம் உறுத்தும். கெம்ப்டன் ஏன் வூஸ்டருக்குப் போனார்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஜாக்கியாக இருந்து பயிற்சியாளராகும் ஒரு சாதாரண மனிதரின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிடும். அலட்சியத்தால் அவர் அங்கே போகவில்லை. பிழைக்கத் தெரிந்தவர் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனார்.

நம் ஊரில் ரேஸ் என்றால் கிண்டி, ஊட்டி, பெங்களூரு. அங்கெல்லாம் நாம் பார்த்துப் பழகியது தடையில்லாத சமதளத்தில் ஓடும் பந்தயம்தான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இன்னொரு வகை உண்டு. வழியில் வேலிகளும் பள்ளங்களும் இருக்கும், குதிரை தாண்டிக்கொண்டே ஓட வேண்டும். சிறிய தடைகள் வைத்தது ஹர்டில், பெரிய வேலிகள் வைத்தது ஸ்டீப்பிள்சேஸ். பெரும்பாலும் குளிர்காலத்தில், ஈரமான புல்தரையில் நடக்கும். தூரம் அதிகம், பரிசுப் பணம் குறைவு. சமதளப் பந்தயத்தில் ஜெயித்த ஆண் குதிரையை இனவிருத்திக்கு அனுப்பிக் கோடிக்கணக்கில் சம்பாதிக்கலாம். தடைதாண்டும் குதிரைகள் பெரும்பாலும் காயடிக்கப்பட்டவை, ஆகவே அந்த வழியும் கிடையாது. இதில் பணம் போடுகிறவர்கள் திரும்பி வரும் என்று நம்பிப் போடுவதில்லை. ஆசைக்குப் போடுகிறார்கள்.

ஜாக்கிகளின் உடல்வாகும் வேறு. சமதள ஜாக்கிகள் சிட்டுக்குருவி மாதிரி இருப்பார்கள். தடைதாண்டும் பந்தயங்களில் குதிரை சுமக்க வேண்டிய குறைந்தபட்ச எடை அப்போது சேணத்தோடு சேர்த்து 10 ஸ்டோன், அதாவது சுமார் 63 கிலோ. கேட்கத் தாராளமாகத் தெரியும். ஆனால் சராசரி உயரமுள்ள ஓர் ஆண் வருடம் முழுக்க அந்த எடையில் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. வயது ஏற ஏற எடையும் ஏறும். அதற்குள் தோள்பட்டை, காலர் எலும்பு, முதுகு என்று ஒவ்வொன்றாக உடைந்திருக்கும். முப்பதுகளின் நடுவில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டம் முடிந்துவிடும். அப்புறம் என்ன செய்வது? குதிரையைத் தவிர வேறெதுவும் தெரியாது. பயிற்சியாளர் உரிமத்துக்கு விண்ணப்பம் போடுவார்கள்.

நன்றாகச் சவாரி செய்தவர் நன்றாகப் பயிற்சி கொடுப்பார் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பது இயல்பு. உண்மையில் இரண்டும் வெவ்வேறு தொழில்கள். ஜாக்கிக்கு ஒரு பந்தயம் சில நிமிடம். பயிற்சியாளருக்கு அது வருடம் முழுக்க ஓடும் ஒரு விடுதி. குதிரைக்குத் தீவனம், லாடம் அடிப்பவர், வைத்தியர், லாயத்துப் பையன்களுக்குக் கூலி, வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் காசு முன்னால் போகும். சொந்தக்காரர்கள் மாதாமாதம் தரும் கட்டணம் பின்னால் வரும், சிலரிடமிருந்து வராது. ஜெயித்தால் பரிசில் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பயிற்சியாளருக்குக் கிடைக்கும். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. லாயத்தில் எத்தனை குதிரை கட்டியிருக்கிறது, அவற்றின் சொந்தக்காரர்கள் ஒழுங்காகப் பணம் கட்டுகிறார்களா என்பதுதான் கணக்கு. ஆகவே குதிரையைத் தெரிந்தவரைவிடப் பணக்காரர்களின் சிநேகம் உள்ளவருக்கு இந்தத் தொழில் கொஞ்சம் சுலபம்.

உரிமம் என்று சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1966 வரை, பிரிட்டனில் பந்தயங்களை அப்போது நிர்வகித்த ஜாக்கி கிளப் பெண்களுக்குப் பயிற்சியாளர் உரிமமே கொடுக்கவில்லை. பல வருடம் லாயம் நடத்திய பெண்கள்கூடத் தங்கள் தலைமை வேலையாளின் பெயரில்தான் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஃப்ளோரன்ஸ் நேகல் என்ற எழுபது வயது கடந்த பெண்மணி நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்ட பிறகுதான் அது மாறியது. குதிரையைப் பழக்கத் தெரியுமா என்பதைவிட நீ யார் என்று கேட்கிற உலகம் அது.

சரி, கெம்ப்டனுக்கு வருவோம். பெர்க்‌ஷயரில் காம்ப்டன் என்ற கிராமத்தில் லாயம். புல்வெளிக் குன்றுகள் நிறைந்த பகுதி, சுற்றிலும் குதிரைக்காரர்கள். பயிற்சியாளராக இருந்துகொண்டே ஜாக்கியாகவும் சவாரி செய்தார். பெரிய லாயங்களில் இப்படிப் பார்க்க முடியாது, அங்கே பெயர்பெற்ற ஜாக்கிகளை வருட ஒப்பந்தத்தில் வைத்திருப்பார்கள். சின்ன லாயத்தில் முதலாளியே ஏறினால் ஒரு செலவு மிச்சம். அதோடு, குதிரை எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எந்த வேலியில் தயங்குகிறது என்பது அடுத்தவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட லாயத்துக்கு எப்படிப்பட்ட குதிரைகள் வரும்? பெரிய இடங்களில் வேண்டாம் என்று தள்ளியவைதான். ஃபாய்னாவன் அப்படி வந்த குதிரை. அதன் ஆரம்பம் அரண்மனை வாழ்க்கை. அயர்லாந்தில் டாம் டிரீப்பரின் லாயம், சொந்தக்காரர் வெஸ்ட்மின்ஸ்டர் கோமாட்டி ஆன். அதே லாயத்தில், அதே கோமாட்டியின் பெயரில்தான் ஆர்க்கிள் இருந்தது. தடைதாண்டும் குதிரைகளில் ஆர்க்கிளை மிஞ்ச இன்றுவரை ஒன்று பிறக்கவில்லை என்பார்கள். ஸ்காட்லாந்தின் வடமேற்கில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மலைகளின் பெயர்கள்தான் இந்த இரண்டு குதிரைகளுக்கும். ஒரு மலை சிகரம் தொட்டது, இன்னொன்றுக்கு ஓடுவதிலேயே ஆர்வமில்லை. ஒருமுறை பந்தயத்தில் விழுந்ததும் எழுந்து ஓடாமல், படுத்த இடத்திலேயே நிம்மதியாகப் புல் மேய்ந்தது என்று ஒரு கதை உண்டு. கோமாட்டி விற்றுவிட்டார்.

கெம்ப்டன் அதை டான்காஸ்டர் ஏலத்தில் 2,000 கினிக்கு வாங்கினார். ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். அந்த நாணயம் புழக்கத்திலிருந்து போய் எவ்வளவோ காலமாகியும் குதிரை ஏலத்தில் மட்டும் விடாமல் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிரில் வாட்கின்ஸ் என்பவர் சொந்தக்காரரானார். கெம்ப்டன் குதிரைக்குத் துணையாக ஒரு பெண் வெள்ளாட்டைச் சேர்த்துவிட்டார், பெயர் சூசி. பதற்றமான குதிரைக்கு லாயத்தில் ஆடு கட்டுவது அந்த ஊர்களில் பழைய வழக்கம். குதிரை தனியாக இருந்தால் சலித்துப்போகும், சுவரை உதைக்கும், தீனி எடுக்காது. பக்கத்தில் ஆடு நின்றால் அமைதியாகிவிடும். ஃபாய்னாவன் பந்தயத்துக்குப் போகும்போது சூசியும் கூடவே வண்டியில் போகும். இதைப் பத்திரிகைகள் பின்னால் வேடிக்கையாக எழுதின. எனக்கு இது அந்தப் பயிற்சியாளரின் கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது. குதிரைக்கு வேகத்தைக் கொடுக்க யாராலும் முடியாது. நிம்மதியைக் கொடுக்கலாம், அதற்கு ஓர் ஆட்டின் விலைதான் செலவு.

ஃபாய்னாவனைக் கெம்ப்டன் தயங்காமல் பெரிய பந்தயங்களில் ஓட்டினார். 1966 டிசம்பரில் கிங் ஜார்ஜ் பந்தயம், ஆர்க்கிள் கால் எலும்பு முறிந்து வாழ்க்கையின் கடைசி ஓட்டத்தை ஓடியது அதில்தான். பழைய லாயத்துத் தோழனோடு ஃபாய்னாவனும் அன்று ஓடியது. (அந்தப் பந்தயம் நடக்கும் மைதானத்தின் பெயரும் கெம்ப்டன் பார்க். நம்மவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 1967 மார்ச்சில் செல்டனம் கோல்டு கப்பில் ஐந்நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடியது, தேறவில்லை. அதற்கு மூன்று வாரம் கழித்து கிராண்ட் நேஷனல்.

ஏன் இப்படி ஒரு குதிரையை இங்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். கிராண்ட் நேஷனல் ஒரு ஹேண்டிகேப் பந்தயம். நல்ல குதிரைக்கு எடையை ஏற்றி, சுமாரான குதிரைக்கு இறக்கி, எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிற மாதிரி செய்வது. அந்த வருடம் உச்சியில் இருந்த குதிரை 12 ஸ்டோன் சுமந்தது, அடியில் இருந்தவை 10 ஸ்டோன். ஃபாய்னாவன் அடியில் இருந்தது. அப்போது தூரம் ஏழு கிலோமீட்டருக்கு மேல், முப்பது தாண்டல்கள். அன்று களத்தில் 44 குதிரைகள். பாதிக்கு மேல் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். விழாமல் சுற்றி வருகிற குதிரைக்கு நாலாவது, ஐந்தாவது இடமாவது கிடைக்கலாம். சின்ன லாயத்துக்கு அதுவே பெரிய காசு. இந்தக் கணக்கில் தவறே இல்லை.

ஆனால் 10 ஸ்டோன் எடைக்குக் கெம்ப்டனால் இறங்க முடியவில்லை. ஜாக்கி உடம்பு பயிற்சியாளர் உடம்பாகிக்கொண்டிருந்த காலம் அது. வேறு சில ஜாக்கிகளைக் கேட்டார்கள், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது ஜான் பக்கிங்ஹாம் என்ற ஜாக்கிக்கு அழைப்பு போனது. அதுவரை கிராண்ட் நேஷனலில் ஓடாதவர், கிடைத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டார். லிவர்பூலில் தங்க அறைகூடக் கிடைக்காமல், ஒரு வீட்டில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினார் என்று சொல்வார்கள். எயின்ட்ரீயில் குதிரையைக் கவனித்துக்கொள்ளக் கெம்ப்டனின் அப்பா ஜாக் போனார். மகன் வூஸ்டருக்குப் போனார். நூற்றுக்கு ஒன்று குதிரையை நின்று வேடிக்கை பார்ப்பதைவிட, ஜெயிக்க வாய்ப்புள்ள குதிரையில் தானே ஏறுவது புத்திசாலித்தனம். எந்த மளிகைக்கடைக்காரரும் இதைத்தான் செய்வார்.

பந்தயத்தின் முதல் சுற்றில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் பீச்சர்ஸ் புரூக் என்ற புகழ்பெற்ற பள்ளத்தைத் தாண்டினார்கள். 1839ல் அதில் விழுந்த ஒரு கேப்டனின் பெயர் அதற்கு. அதற்கு அடுத்தது இருபத்து மூன்றாவது வேலி, எயின்ட்ரீயின் மிகச் சின்ன வேலிகளில் ஒன்று, நாலரை அடி. யாரும் அதைக் கண்டு பயந்ததில்லை. முதல் வேலியிலேயே ஜாக்கியை இழந்திருந்த பாப்பம் டவுன் என்ற குதிரை, ஆளில்லாமல் கூட்டத்தோடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. வேலி அருகே வந்ததும் தாண்டாமல், வேலியை ஒட்டிக் குறுக்கே ஓடியது. முன்னணியில் வந்தவை அதன்மேல் மோதின, அல்லது திடுக்கிட்டு நின்றன. பின்னால் வந்தவை அவற்றின்மேல் மோதின. ஜாக்கிகள் வேலிக்கு அந்தப் பக்கம் பறந்து விழுந்தார்கள், குதிரைகள் இந்தப் பக்கம் நின்றன. சில குதிரைகள் எதிர்த் திசையில் திரும்பி ஓடின. தொலைக்காட்சியில் வர்ணனை செய்துகொண்டிருந்த அயர்லாந்துக்காரர் மைக்கேல் ஓஹிஹிர் அந்தக் குழப்பத்தில் ஒவ்வொரு குதிரையாகப் பெயர் சொல்லி அடுக்கியது இன்றும் வர்ணனையாளர்களுக்குப் பாடம்.

ஃபாய்னாவன் நன்றாகப் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. அதனால் பக்கிங்ஹாமுக்கு நடப்பதைப் பார்க்க நேரம் இருந்தது. வேகத்தைக் குறைத்து, வெளிப்பக்கம் ஒதுக்கி, ஓர் இடைவெளியைப் பார்த்து, கிட்டத்தட்ட நடையில் வந்து தாண்டினார். குதிரையும் மிரளாமல் தாண்டிக்கொடுத்தது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் யாருமில்லை. பின்னால் வருபவர்கள் சுதாரித்து, திரும்ப ஏறி, வேலியை மறுபடி தாண்டி வருவதற்குள் சுமார் நூறு கஜம் தூரம் விழுந்துவிட்டது. பந்தயத்தில் அதிகம் நம்பப்பட்ட ஹனி எண்ட் குதிரையில் ஜாஷ் கிஃபோர்டு விடாமல் துரத்தி வந்தார். இடைவெளி சுருங்கியது, போதவில்லை. பதினைந்து குதிரை நீள வித்தியாசத்தில் ஃபாய்னாவன் ஜெயித்தது. புக்கிகள் நூறு மடங்கு கொடுத்தார்கள். எல்லோரும் கட்டிய பணத்தை ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தரும் டோட் முறையில் கட்டியவர்களுக்கு 444 மடங்கு கிடைத்தது.

இதை அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் அன்று பின்தங்கி வந்தது ஃபாய்னாவன் மட்டுமில்லை. அந்தக் கலவரத்தில் மற்றவை மிரண்டன, நின்றன, திரும்பின. முதல் முயற்சியிலேயே நிதானமாகத் தாண்டியது இது ஒன்றுதான். விழுந்த இடத்தில் புல் மேய்ந்த அதே அசட்டுத் தைரியம்தான் அங்கே கைகொடுத்தது. பெரிய லாயத்தில் குறையாகத் தெரிந்த குணத்தைக் கெம்ப்டன் குறையாக நினைத்து அடித்துத் திருத்த முயலவில்லை, ஆட்டைக் கட்டி இன்னும் வளர்த்துவிட்டார்.

வூஸ்டரில் அவர் இதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். முதல் பரிசு 17 ஆயிரம் பவுண்டுக்கு மேல். அப்போதைய இங்கிலாந்தில் அந்தப் பணத்துக்கு ஒரு தெருவில் நாலைந்து வீடு வாங்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகு லாயத்தின் வாசலில் பணக்காரர்கள் வரிசை கட்டி நின்றார்களா? இல்லை. தங்கள் குதிரையை விலை கொடுத்துப் பயிற்சிக்கு விடுகிறவர்கள் அதிர்ஷ்டத்துக்கு விலை கொடுப்பதில்லை. தொடர்ந்து ஜெயிக்கிற லாயத்துக்குத்தான் போவார்கள். அடுத்த வருட கிராண்ட் நேஷனலில் ஃபாய்னாவன் மறுபடி ஓடியது, முடிக்கவில்லை. முந்தைய வருடம் மூன்றாவதாக வந்த ரெட் அலிகேட்டர் அந்த முறை சுலபமாக ஜெயித்தது. பெரிய பந்தயங்களின் வெற்றிப் பட்டியலில் கெம்ப்டனின் பெயர் அதன் பிறகு வரவே இல்லை.

அதே காலத்தில் வேறு மாதிரி போனவர்களையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தெரியாது. ஃப்ரெட் வின்டர் நான்கு முறை சாம்பியன் ஜாக்கி, அதாவது அந்தப் பருவத்தில் அதிக வெற்றி பெற்றவர், மொத்தம் 900க்கு மேற்பட்ட வெற்றிகள். 1964ல் ஓய்வு பெற்றபோது பயிற்சியாளராக அவருக்கு ஆசையே இல்லை. பந்தயத்தைத் தொடக்கிவைக்கும் உதவி ஸ்டார்ட்டர் வேலைக்குத்தான் விண்ணப்பித்தார், ஜாக்கி கிளப் மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் லாயம் தொடங்கி, 1965லும் 1966லும் தொடர்ந்து கிராண்ட் நேஷனலை ஜெயித்தார். பின்னால் எட்டு முறை சாம்பியன் பயிற்சியாளர். அந்த வேலையை அவருக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

அந்த வின்டரின் லாயத்தில் ஜாக்கியாக இருந்த ஜான் ஃப்ராங்கம் ஏழு முறை சாம்பியன், 1,138 வெற்றிகள். 1985ல் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளரானார். கொஞ்ச காலத்திலேயே போதும் என்று விட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போனார். குதிரை மேல் அவரை மிஞ்ச ஆளில்லை, லாய நிர்வாகம் ஒத்துவரவில்லை. தடைதாண்டலில் ஆயிரம் வெற்றிகளை முதன்முதலில் எட்டியவர் ஸ்டான் மெல்லர், 1971ல். பயிற்சியாளராகவும் நல்ல பந்தயங்களை ஜெயித்துப் பல வருடம் நின்றார். ஆனால் ஜாக்கியாக அவருக்கிருந்த உயரம் வேறு, இது வேறு. புற்றுநோயிலிருந்து மீண்டு 1981ல் ஆல்டனிட்டி மேல் கிராண்ட் நேஷனல் ஜெயித்த பாப் சாம்பியனின் கதை உலகம் முழுக்கத் தெரியும். அவர் பிறகு பல வருடம் நியூமார்க்கெட்டில் லாயம் நடத்தினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஆல்டனிட்டிக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜாஷ் கிஃபோர்டு. 1967ல் ஹனி எண்ட் மேல் துரத்திக்கொண்டு வந்தவர் அவரேதான். ஜாக்கியாக நான்கு முறை சாம்பியன் ஆகியும் கிராண்ட் நேஷனல் கைக்கு எட்டவில்லை. பதினான்கு வருடம் கழித்து, இன்னொருவர் சவாரியில், பயிற்சியாளராகத்தான் எட்டியது.

இருபத்து மூன்றாவது வேலிக்கு 1984ல் அதிகாரப்பூர்வமாக ஃபாய்னாவன் வேலி என்று பெயர் வைத்தார்கள். பக்கிங்ஹாம் 1971ல் சவாரியை நிறுத்தினார். பயிற்சியாளர் உரிமம் பக்கம் அவர் போகவில்லை. ஜாக்கிகளின் சேணத்தைத் துடைத்து, பூட்ஸுக்கு மெருகேற்றி, துணிமணிகளை எடுத்துவைக்கும் வேலைக்குப் போனார். வாலட் என்பார்கள். எடை போடும் அறையில் பல வருடம் அந்த வேலையைச் செய்தார், எயின்ட்ரீயிலும்தான்.